நுரையீரலில் இரத்தக்கட்டி: மருத்துவமனையில் ஏன் இத்தனை கண்காணிப்பு?



நோயாளியைப் பார்க்க மருத்துவமனைக்குப் போகும்போது நாம் வழக்கமாகக் காண்பது ஒன்று உண்டு. தாதி வருகிறார். கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்க்கிறார். விரலில் ஒரு கிளிப்பை மாட்டுகிறார். மூச்சை எண்ணுகிறார். தாளில் குறித்துவிட்டுப் போகிறார். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் அதே வேலை. "மருந்தைக் காணோம், சும்மா எழுதிக்கொண்டே இருக்கிறார்கள்" என்று நம்மில் பலர் சலித்துக்கொள்வதும் உண்டு. ஆனால் சில நோய்களில் அந்த எழுத்துத்தான் உயிரைக் காக்கிறது. அப்படிப்பட்ட நோய் ஒன்றைப் பற்றி இன்று பேசுவோம். நுரையீரலுக்குப் போகும் இரத்தக் குழாயை ஓர் இரத்தக்கட்டி திடீரென்று அடைத்துக்கொள்வதே அந்த நோய். மருத்துவர்கள் இதைப் பல்மனரி எம்பாலிசம் என்பார்கள். இந்த நோய் கண்டவரை மருத்துவமனையில் எப்படிக் கண்காணிக்கிறார்கள், அதில் குடும்பத்தாராகிய நமக்கு என்ன பங்கு என்பவற்றைப் பார்ப்போம்.

உறைதல் என்றால் என்ன என்பதைப் பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்கு விளக்கத் தேவையில்லை. மங்கில் விழுந்த பால் எடுக்கப்படாமல் கிடந்தால் கட்டிப்பால் ஆகிவிடும். நம் இரத்தமும் அப்படி உறையும் தன்மை உடையதுதான். கையில் கத்தி பட்டால் சிறிது நேரத்தில் இரத்தம் நிற்பது அதனால்தான். அது நமக்கு நன்மை. ஆனால் காயம் இல்லாத இடத்தில், காலின் ஆழத்தில் ஓடும் இரத்தக் குழாய்க்குள்ளேயே உறைந்துவிட்டால் அது தீமை. அந்தக் கட்டி அங்கேயே இருக்கும்வரை கால் வீங்கும், வலிக்கும். அதில் ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு மேலே போனால், இதயத்தின் வலப்பக்கம் வழியாகச் சென்று நுரையீரலின் குழாயில் மாட்டிக்கொள்ளும்.

நுரையீரலில் காணும் இப்படிப்பட்ட கட்டிகள் வேறோர் இடத்திலிருந்து பிய்ந்து வந்தவை என்பதை 1840களில் தெளிவாக எடுத்துக் காட்டியவர் ஜெர்மனியைச் சேர்ந்த ருடோல்ஃப் விர்ச்சோ என்ற மருத்துவர். இரத்தம் உறைவதற்கு மூன்று காரணங்களை இன்றும் அவர் பெயரால்தான் சொல்கிறார்கள். இரத்த ஓட்டம் மந்தமாவது ஒன்று. குழாயின் சுவர் புண்படுவது இரண்டாவது. இரத்தத்தின் உறையும் தன்மையே கூடிவிடுவது மூன்றாவது. கால் முறிந்து மாவுக்கட்டுடன் வாரக்கணக்கில் படுத்திருப்பவர், பெரிய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர், புற்றுநோய் உள்ளவர், கர்ப்பிணிகள், அண்மையில் பிள்ளை பெற்ற தாய்மார்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுவது இந்தக் காரணங்களால்தான். 2020, 2021ஆம் ஆண்டுகளில் கோவிட் நோயால் கடுமையாகத் தாக்கப்பட்ட பலருக்கும் இந்தக் கட்டி ஏற்பட்டதை உலகமே கண்டது.

அறிகுறிகள் என்ன? திடீரென்று மூச்சு வாங்குவது, மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குத்துவது, படபடப்பு, இருமலில் இரத்தம், சிலருக்கு மயக்கம். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருந்தால் ஐயம் இன்னும் வலுக்கிறது. இந்த அறிகுறிகள் கண்டவரை வீட்டில் வைத்துக்கொண்டு தைலம் தேய்த்துப் பார்க்கலாகாது. 999 எண்ணுக்குத் தொலைபேசி செய்வதோ, அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடனே கொண்டுபோவதோதான் சரியான வழி. முக்கியமாக ஒன்று: வீங்கிய காலை எண்ணெய் போட்டு உருவிவிடக் கூடாது. உருவும்போது கட்டி பிய்த்துக்கொண்டு மேலே போகக்கூடும்.

இனி மருத்துவமனைக்குள் போவோம். எக்ஸ்ரே, ஈ.சி.ஜி., இரத்தப் பரிசோதனை, நிறமருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேன் ஆகியவற்றால் நோய் உறுதியாகிறது. உடனே இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து தொடங்குகிறது. பெரும்பாலும் அது ஹெப்பாரின் வகையைச் சேர்ந்த ஊசி மருந்து. இந்த மருந்து என்ன செய்கிறது என்பதை நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஆலைக்குப் போகும் பால் வழியில் உறையாமல் இருக்க அமோனியா கலப்பதை நாம் அறிவோம். அமோனியா புதிய உறைதலைத் தடுக்கும். மங்கில் ஏற்கெனவே கட்டிப்போன பாலை அது மீண்டும் பாலாக்காது. ஹெப்பாரினும் அப்படித்தான். கட்டி மேலும் வளராமலும், புதிய கட்டி தோன்றாமலும் அது தடுக்கிறது. பழைய கட்டியை நம் உடம்பே நாள்கணக்கில், வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் கரைக்க வேண்டும்.

அப்படித் தடுப்பது மட்டும் போதுமா என்ற கேள்வி எழலாம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பேரிட், ஜோர்டன் என்ற இரு மருத்துவர்கள் செய்த ஆய்வு 1960இல் வெளிவந்தது. மொத்தம் 35 நோயாளிகள். மருந்து கொடுக்கப்படாத 19 பேரில் 5 பேர் இந்தக் கட்டியாலேயே இறந்தார்கள். இன்னும் 5 பேருக்குக் கட்டி மீண்டும் வந்தது. மருந்து பெற்ற 16 பேரில் ஒருவர்கூடக் கட்டியால் இறக்கவில்லை. இதைக் கண்ட பிறகு, மருந்து கொடுக்காமல் ஒரு பகுதியினரை வைத்துப் பார்ப்பது முறையல்ல என்று நிறுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து இந்த மருந்துதான் சிகிச்சைக்கு அடிப்படை.

ஆனால், நேயர்களே, மருந்து தொடங்கிய உடனே ஆபத்து நீங்கிவிடுவதில்லை. கட்டி இன்னும் குழாயில்தான் இருக்கிறது. இதயத்தின் வலப்பக்க அறை, அடைபட்ட குழாயை எதிர்த்து இரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. மேட்டில் பாரவண்டியை ஒற்றை ஆளாகத் தள்ளுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரம் தள்ளுவார். மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், ஆனாலும் வண்டி நிற்காது. பிறகு ஒரு கட்டத்தில் கை ஓய்ந்துவிடும். அப்போது வண்டி சட்டென்று பின்வாங்கும். இந்த நோயிலும் அப்படித்தான். முதலில் நாடித் துடிப்பும் மூச்சும் கூடுகின்றன. இரத்த அழுத்தம் வெகுநேரம் தாக்குப்பிடிக்கிறது. அது விழும்போது இதயம் ஓய்ந்துபோயிருக்கும். ஆகையால் அழுத்தம் விழும்வரை காத்திருக்காமல், அதற்கு முன்னாலேயே வரும் சிறு மாற்றங்களைப் பிடிப்பதற்குத்தான் கண்காணிப்பு.

இதை விளங்கிக்கொள்ள ஒரு கற்பனை நோயாளியை எடுத்துக்கொள்வோம். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் தொழிலாளி, வயது 52. கால் முறிந்து மூன்று வாரமாக மாவுக்கட்டில் இருக்கிறார். மூச்சுத்திணறலோடு ஒரு மாவட்ட மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். மாலை 6 மணிக்குத் தாதி குறித்த கணக்கு இது: நாடி 96, இரத்த அழுத்தத்தின் மேல் எண் 124, மூச்சு நிமிடத்திற்கு 20, ஆக்ஸிஜன் 95 விழுக்காடு. இரவு 8 மணிக்கு நாடி 104, அழுத்தம் 116, மூச்சு 22, ஆக்ஸிஜன் 94. இரவு 10 மணிக்கு நாடி 112, அழுத்தம் 108, மூச்சு 26, ஆக்ஸிஜன் 92.

இந்த மூன்றில் எந்த ஒன்றைத் தனியாகப் பார்த்தாலும் பெரிய ஆபத்து என்று தோன்றாது. நோயாளி பேசுகிறார், "இப்போது பரவாயில்லை" என்றுகூடச் சொல்கிறார். ஆனால் மூன்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். நாடி ஏறிக்கொண்டே போகிறது, மூச்சு ஏறிக்கொண்டே போகிறது, அழுத்தமும் ஆக்ஸிஜனும் இறங்கிக்கொண்டே வருகின்றன. இந்த வரிசைதான் மருத்துவரை அழைக்கச் சொல்கிறது. தோட்டத்தில் பெரட்டுக் களத்தில் பெயர் பதிவதை நாம் அறிவோம். ஒருநாள் பதிவைப் பார்த்து மாதச் சம்பளத்தைச் சொல்ல முடியாது. செக்ரோலில் மாதம் முழுவதையும் பார்க்க வேண்டும். தாதி எழுதும் தாளும் ஒரு செக்ரோல்தான். ஒரு வேளை பதிவு விட்டுப்போனாலும் கணக்கு தெரியாமல் போய்விடும்.

ஒவ்வோர் எண்ணையும் சுருக்கமாகப் பார்ப்போம். ஓய்வில் இருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறைவரை மூச்சு விடுவார். அது 30ஐத் தொட்டால் கடுமை. நாடி 110ஐத் தாண்டுவது எச்சரிக்கை. ஆக்ஸிஜன் 90 விழுக்காட்டுக்குக் கீழே போவது எச்சரிக்கை. இரத்த அழுத்தத்தின் மேல் எண் 90க்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றாலும், வழக்கமான அளவிலிருந்து 40 புள்ளி குறைந்து கால் மணி நேரத்திற்கு மேல் நீடித்தாலும் அது உயிருக்கே ஆபத்தான நிலை. இவற்றோடு சிறுநீரின் அளவையும் பார்க்கிறார்கள். இதயம் போதிய இரத்தத்தை அனுப்பாவிட்டால் சிறுநீரகம் வேலையைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே சிறுநீரைக் கொட்டிவிடாமல் அளந்து எழுதச் சொன்னால், அது வீண் வேலையன்று. கை கால் சில்லிடுகிறதா, கழுத்து நரம்பு புடைத்திருக்கிறதா, பேச்சில் தடுமாற்றம் இருக்கிறதா என்பதையும் கவனிக்கிறார்கள்.

விரலில் மாட்டும் கிளிப்பைப் பற்றி ஒரு சொல். தோலின் வழியே ஒளியைச் செலுத்தி இரத்தத்திலுள்ள ஆக்ஸிஜனை அளக்கும் இந்தக் கருவியின் அடிப்படையை 1974இல் உருவாக்கியவர் ஜப்பானியரான தாகுவோ ஆயோயாகி. மிகப் பயனுள்ள கருவி. ஆயினும் கருமையான தோலில் அது சில சமயம் உண்மையான அளவைவிடக் கூடுதலாகக் காட்டுகிறது. கறுப்பின நோயாளிகளுக்கும் வெள்ளைக்கார நோயாளிகளுக்கும் இடையே இப்படி வேறுபாடு இருப்பதை 2020இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு எடுத்துக் காட்டியது. நம் மக்களிலும் கருமை நிறத்தார் பலர் உண்டல்லவா? ஆகவே கருவி நல்ல எண்ணைக் காட்டினாலும், நோயாளி மூச்சுக்குத் தவிக்கிறார் என்று நமக்குத் தோன்றினால் அதைத் தாதியிடம் சொல்லிவிட வேண்டும். இரத்தக் குழாயிலிருந்து நேரே இரத்தம் எடுத்துச் சோதிக்கும் வழியும் மருத்துவர்களிடம் இருக்கிறது. நகத்தில் சாயம் பூசியிருந்தால் அதையும் துடைத்துவிடுவது நல்லது.

கட்டியைக் கரைக்கும் மருந்து உண்டே, அதை எல்லோருக்கும் முதலிலேயே கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அப்படிப்பட்ட மருந்து இருக்கிறது. இரத்த அழுத்தம் விழுந்துவிட்ட நோயாளிக்கு அதைத்தான் கொடுக்கிறார்கள். ஆனால் அது தேவையில்லாத கட்டியை மட்டும் கரைப்பதில்லை. உடம்பில் எங்கே தேவையான அடைப்பு இருக்கிறதோ அதையும் கரைத்துவிடும். மூளையில் இரத்தம் கசிந்தால் பக்கவாதம்.

இரத்த அழுத்தம் சரியாக இருந்தும் இதயத்தில் பாதிப்புக் காணப்பட்ட 1,006 நோயாளிகளை வைத்து ஐரோப்பாவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2014இல் வெளிவந்தது. ஹெப்பாரின் மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 5 பேருக்கு அடுத்த ஒரு வாரத்திற்குள் இரத்த ஓட்டம் குலைந்தது. கரைக்கும் மருந்தையும் பெற்றவர்களில் அது நூற்றுக்கு 2 பேருக்கும் குறைவு. ஆனால் பக்கவாதம் ஹெப்பாரின் மட்டும் பெற்ற ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்குத்தான் வந்தது. கரைக்கும் மருந்து பெற்ற ஏறக்குறைய 500 பேரில் 12 பேருக்கு வந்தது. ஒரு பக்கம் நன்மை, மறுபக்கம் கேடு. ஆகவே உலகெங்கும் மருத்துவர்கள் கைக்கொள்ளும் முறை இதுதான்: நிலை சீராக இருப்பவருக்கு ஹெப்பாரின் கொடுத்து, கண்ணிமை போல் காவல் காப்பது, நிலை குலைவதற்கான அறிகுறி தெரிந்த உடனே கரைக்கும் மருந்தைக் கையில் எடுப்பது. இந்த முறை முழுவதும் காவலை நம்பித்தான் நிற்கிறது. மேற்சொன்ன ஆய்விலும் நிலை குலைந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது முதல் சில நாள்களிலேயே நேர்ந்தது. பார்த்துக்கொண்டிருப்பது சும்மா இருப்பது ஆகாது என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

நம் கற்பனை நோயாளியிடம் திரும்புவோம். இரவு 10 மணிக் கணக்கைக் கண்டதும் மருத்துவர் வருகிறார். இதயத்தை ஒலியலைக் கருவியால் பார்த்தால் வலப்பக்க அறை வீங்கியிருப்பது தெரியும். இதயத் தசை நொந்திருக்கிறதா என்பதை ட்ரோப்போனின் என்ற இரத்தப் பரிசோதனை சொல்லும். அலோர் காஜா, ஜாசின் போன்ற மாவட்ட மருத்துவமனைகளில் இருப்பவரை இந்த நிலையில் மலாக்கா பெரிய மருத்துவமனைக்கு மாற்றலாமா என்று ஆலோசிப்பார்கள். மாற்றும்போது தாதியோ மருத்துவ உதவியாளரோ ஆம்புலன்சில் கூடவே போவார். வழியிலும் கணக்கு நிற்பதில்லை. கரைக்கும் மருந்து ஏற்றினால், முதலில் கால் மணிக்கொரு முறை அழுத்தமும் நாடியும் பார்ப்பது வழக்கம். பெயர் கேட்பார்கள், கையைத் தூக்கச் சொல்வார்கள், கண்ணில் விளக்கடித்துப் பார்ப்பார்கள். மூளையில் கசிவு ஏற்பட்டதா என்று அறியத்தான் அவ்வளவும்.

அப்படிப்பட்ட நேரத்தில் உறவினர் சிலர், "ஆள் இவ்வளவு சோர்ந்து கிடக்கிறாரே, தண்ணீர் ஏற்றக் கூடாதா?" என்று கேட்பார்கள். வயிற்றுப்போக்கில் தண்ணீர் ஏற்றுவது உயிர் காக்கும். இந்த நோயில் அது வேறு. வலப்பக்க இதய அறை ஏற்கெனவே நிரம்பி விரிந்து தவிக்கிறது. மேலும் மேலும் நீரை ஏற்றினால் அது இன்னும் விரிந்து ஓய்ந்துபோகும். அதனால்தான் மருத்துவர்கள் கொஞ்சமாக ஏற்றிப் பார்ப்பார்கள், அல்லது ஏற்றாமலேயே இருப்பார்கள்.

மருந்தையும் கண்காணிக்க வேண்டும். உறைதலைத் தடுக்கும் மருந்து குறைந்தால் கட்டி வளரும். கூடினால் இரத்தம் ஒழுகும். சொட்டுச் சொட்டாக ஹெப்பாரின் ஏற்றினால், அளவு சரியாகும்வரை ஏறத்தாழ 6 மணிக்கொரு முறை இரத்தம் எடுத்துச் சோதிப்பார்கள். வயிற்றுத் தோலில் போடும் ஊசி வகைக்கு உடல் எடைக்கு ஏற்ப அளவு. ஆகவே எடையைக் கேட்டால் உத்தேசமாகச் சொல்லாமல், நிறுத்துப் பார்க்கவே விட வேண்டும். சிறுநீரகம் பழுதாக இருந்தால் மருந்து உடம்பில் தேங்கும். நீரிழிவு நோயாளிகள் மிகுந்த நம் சமுதாயத்தில் இது முக்கியமான செய்தி. இரத்தத்திலுள்ள தட்டணுக்களையும் இடையிடையே எண்ணிப் பார்ப்பார்கள். "தினமும் இரத்தம் எடுத்தால் உடம்பில் என்ன மிஞ்சும்?" என்று அஞ்ச வேண்டியதில்லை. எடுப்பது சில கரண்டி அளவுதான். அதனால் கிடைக்கும் பாதுகாப்போ பெரிது.

இனிக் கட்டிலருகே இருக்கும் நம் பங்கு என்ன? தாதி ஒரு மணிக்கொரு முறை வருகிறார். இடைப்பட்ட நேரத்தில் அங்கே இருப்பது நாம்தான். ஐந்து செய்திகளை உடனே சொல்ல வேண்டும். முதலாவது, மூச்சு வாங்குவது கூடினால். இரண்டாவது, நெஞ்சுவலி புதிதாக வந்தால் அல்லது கூடினால். மூன்றாவது, மயக்கம் வந்தாலோ வியர்த்துக் கொட்டினாலோ. நான்காவது, எங்காவது இரத்தம் கண்டால்: பல் ஈறு, மூக்கு, சிறுநீர், கறுப்பாகப் போகும் மலம், மாதவிலக்கு மிகையாவது எல்லாம் இதில் அடங்கும். ஐந்தாவது, திடீர்த் தலைவலி, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலம் குன்றுதல். மலாய் சரளமாக வராத முதியவர்கள் இந்த நான்கு சொற்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: மூச்சுத்திணறலுக்குச் செசாக் நஃபாஸ், நெஞ்சுவலிக்குச் சாக்கிட் டாடா, மயக்கத்திற்குப் பெங்சான், இரத்தத்திற்கு டாரா. இந்தச் சொல் காதில் விழுந்தால் மிஸ்ஸி ஓடி வருவார்.

மேலும் சில. "கழிவறைக்கு நானே போய்விடுவேன்" என்று நோயாளி வீம்பு செய்வார். முதல் நேரங்களில் எழவேண்டாம் என்று சொல்லியிருந்தால் எழலாகாது. எழும்போதும் முக்கும்போதும் மயங்கி விழுந்தவர்கள் உண்டு. அதே சமயம், நிலை சீராகி மருத்துவர் நடக்கச் சொன்ன பிறகு படுத்தே கிடப்பதும் தவறு. மருந்து சரியாக வேலை செய்யும்போது நடப்பது நன்மையே தருகிறது. வீட்டிலிருந்து கொண்டுவரும் வலி மாத்திரைகளை, குறிப்பாகப் போன்ஸ்தான், ஆஸ்பிரின் போன்றவற்றை, மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது. கசாயம், லேகியம், மூலிகைப் பொடி எது சாப்பிட்டு வந்திருந்தாலும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சொன்னால் ஏசுவார்களோ என்ற அச்சத்தைவிடச் சொல்லாமல் விடுவதன் ஆபத்து பெரிது.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ நோயாளிக்குச் சற்றுத் தெளிவு வரும். அப்போதுதான் பெரிய சோதனை. கோயில் திருவிழா இருக்கும். வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் போய்விடும். வீட்டில் பிள்ளைகளைப் பார்க்க ஆள் இருக்காது. இவையெல்லாம் உண்மையான கஷ்டங்கள். "ஆள்தான் நன்றாயிருக்கிறாரே, சொந்தப் பொறுப்பில் கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு போவோம்" என்ற பேச்சு எழும். நேயர்களே, இந்த நோயில் அந்தக் கையெழுத்து மிகவும் விலை உயர்ந்தது. முதற்கட்டி மூச்சைத் திணறடித்தது. இரண்டாவது கட்டி வந்தால் ஏற்கெனவே களைத்த இதயம் அதைத் தாங்குவது கடினம். நோயாளி நன்றாகத் தெரிகிறாரா என்று நம் கண்ணால் முடிவு செய்யாமல், எண்களின் வரிசை என்ன சொல்கிறது என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். கேட்பது நம் உரிமை. உண்மையில் ஆபத்துக் குறைந்தவர்களைச் சீக்கிரமாகவே மருத்துவர்கள் வீட்டுக்கு அனுப்புவதும் உண்டு. வேலை நாள் பற்றிய கவலை இருந்தால் மருத்துவ விடுப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்த பிறகும் காவல் முடிவதில்லை, காவல்காரர்தான் மாறுகிறார். குறைந்தது மூன்று மாதம் மருந்து சாப்பிட வேண்டும். சிலருக்கு அதற்கு மேலும். பலருக்குக் கொடுக்கப்படும் மருந்து வார்ஃபரின். இந்தப் பெயரைச் செம்பனைத் தோட்டத்தார் வேறோர் இடத்தில் கேட்டிருக்கலாம். எலிக்கு வைக்கும் மருந்தில் இருந்ததும் இதுதான். கெட்டுப்போன தீவனம் தின்ற மாடுகள் இரத்தம் ஒழுகிச் செத்ததை ஆராய்ந்தபோது, அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இந்த வகை மருந்தைக் கண்டுபிடித்தார்கள். முதலில் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1954இல் மனிதருக்கு மருந்தாக ஏற்கப்பட்டது. 1955இல் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கே இது கொடுக்கப்பட்டது. அளவே மருந்தையும் நஞ்சையும் பிரிக்கிறது.

அந்த அளவைக் காட்டுவதுதான் ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனை. இந்த நோய்க்கு அது 2க்கும் 3க்கும் இடையே இருக்க வேண்டும். வார்ஃபரின் வேலை செய்யச் சில நாள் பிடிக்கும். ஆகவே தொடக்கத்தில் குறைந்தது 5 நாள் ஊசியும் மாத்திரையும் சேர்ந்தே போகும். மாத்திரை விழுங்கத் தொடங்கியாயிற்று, ஊசி எதற்கு என்று மறுக்கக் கூடாது. கீரை சாப்பிடலாமா என்று கேட்பார்கள். முருங்கைக் கீரை போன்றவற்றிலுள்ள ஒரு சத்து இந்த மருந்தை எதிர்க்கிறது. அதற்காகக் கீரையை விலக்க வேண்டாம். ஒரு வாரம் தினமும், மறுவாரம் ஒன்றுமே இல்லை என்று இல்லாமல், ஒரே சீராகச் சாப்பிட்டால் போதும். இரத்தப் பரிசோதனை தேவைப்படாத புதிய மாத்திரைகளும் இப்போது உண்டு. ஆனால் அவற்றை ஒருவேளை மறந்தாலும் பாதுகாப்புச் சீக்கிரம் குறைந்துவிடும். எதுவானாலும் மாத்திரை தீர்ந்த பிறகு ஓடுவதைவிட, தீர ஒரு வாரம் இருக்கும்போதே போய் வாங்கிவிட வேண்டும். மூன்று மாதம் கழிந்தும் நடந்தால் மூச்சு வாங்குகிறது என்றால் மருத்துவரிடம் மீண்டும் காட்ட வேண்டும். சிலருக்குக் கட்டி முழுவதும் கரையாமல் தங்கிவிடுவதுண்டு. அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

தாய்மார்களுக்கு ஒரு சிறப்புச் செய்தி. நம் நாட்டில் பிள்ளைப்பேற்றோடு தொடர்புடைய மரணங்களை 1991 முதல் ஒவ்வொன்றாக ஆராய்ந்து வருகிறார்கள். அந்த ஆய்வுகளில் முன்னணியில் நிற்கும் காரணங்களுள் இந்த இரத்தக்கட்டியும் ஒன்று. பிள்ளை பெற்றபின் வரும் 6 வாரங்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய காலம். பத்தியம் என்று சொல்லி மாதக்கணக்கில் படுக்கவைப்பதும், தண்ணீரைக் குறைப்பதும் இரத்தம் உறைய வழி செய்யும். பச்சை உடம்பைப் பேணுவது நல்ல பழக்கம். ஆனால் அந்தத் தாய் வீட்டுக்குள் நடமாட வேண்டும், தாகத்திற்கு நீர் அருந்த வேண்டும். அறுவை முறையில் பிள்ளை பெற்றவருக்கும், ஆபத்து அதிகமுள்ள மற்றத் தாய்மாருக்கும் மருத்துவமனையில் ஊசி கொடுத்து, வீட்டிலும் போட்டுக்கொள்ளச் சொல்லி அனுப்புவதுண்டு. "பிள்ளை பிறந்தாயிற்று, இனி ஊசி எதற்கு?" என்று மாமியாரோ பாட்டியோ நிறுத்திவிட வேண்டாம். அந்த ஊசி தாய்க்குக் காவல்.

தொகுத்துச் சொல்வோம். திடீர் மூச்சுத்திணறலை அலட்சியம் செய்யாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோவோம். வீங்கிய காலை உருவாமல் இருப்போம். தாதி எழுதும் எண்களை மதிப்போம். இடையில் காணும் மாற்றத்தை அவரிடம் சொல்வோம். மருத்துவர் அனுப்பும்வரை நோயாளியை அழைத்துப் போகாமல் பொறுத்திருப்போம். வீட்டுக்கு வந்தபின் மாத்திரையையும் பரிசோதனை நாளையும் தவறவிடாமல் இருப்போம். இவற்றில் எதற்கும் பணம் தேவையில்லை. பொறுமையும் கவனமும் போதும். இன்று இரவு வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும், வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் மகள்மாருக்கும் இந்தச் செய்தியை ஒருமுறை எடுத்துச் சொல்லுங்கள்.